பட்டறைப் பதில்கள்: இறுக்க இறுக்க இளகும் ஸ்கோப்

கேள்வி: ஐயா, நான் கொழும்பில் ஒரு துப்பாக்கிச் சுடுதல் கழகத்தில் பயிற்சி பெறுகிறேன். கழகத்தின் ஸ்பிரிங் வகை எயார் ரைபிள் ஒன்றில் இரண்டு வளையங்கள் வைத்து ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தியிருக்கிறோம். 25 மீட்டரில் குறியைச் சரிசெய்தால் அன்றைக்கு நன்றாக இருக்கிறது. அடுத்த வாரம் குண்டுகள் வேறெங்கோ போகின்றன. ஒவ்வொரு முறையும் திருகாணிகளை முழுப் பலத்தோடு இறுக்கிப் பார்த்துவிட்டேன். ஸ்கோப் பழுது, புதிதாக வாங்கு என்கிறார்கள். வாங்கவா?
— ச.பி., கொட்டாஞ்சேனை

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. ஸ்கோப்பை மாற்றுவதற்கு முன் அந்த "முழுப் பலத்தை" மாற்றிப் பாருங்கள். ஸ்கோப் நிற்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றில் ஸ்கோப் நிரபராதி. அதைப் பிடித்திருக்கும் வளையமும், வளையத்தைத் திருகிய கையும்தான் விசாரிக்கப்பட வேண்டியவை.

ஒரு திருகாணி எப்படிப் பிடிக்கிறது? இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. நீண்ட இரும்பு மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புத்தான் மேல் மூடியையும் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுப்பாக மாறும். மீதியெல்லாம் திருகாணித் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகத் தீர்ந்துபோகிறது. மரையில் ஊத்தையோ துருவோ இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறையும். எண்ணெய் இருந்தால் மாறாக இழுப்பு எகிறிவிடும். இரண்டு சந்தர்ப்பத்திலும் உங்கள் கைக்குத் தெரிவது ஒரே இறுக்கம்தான். கை நம்பத்தகுந்த சாட்சி அல்ல.

அலன் சாவியின் (திருகாணியைத் திருகும் அறுகோணச் சாவி) நீண்ட கை 7 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதன் நுனியில் 10 கிலோ பாரம் அளவுக்கு அழுத்தினால் கிட்டத்தட்ட 7 நியூட்டன் மீட்டர் முறுக்கு உண்டாகும். உங்கள் வயதில் ஒருவருக்கு அது பெரிய பலமே அல்ல. ஆனால் வளைய மூடியின் திருகாணிகளுக்குப் பல தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரைதான். அமெரிக்கப் பெட்டிகளில் 15 முதல் 18 அங்குல இறாத்தல் என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் மூன்று மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அலுமினிய மரை அரைந்துபோகும், திருகாணி நிரந்தரமாக நீண்டு இழுப்பை இழக்கும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஸ்கோப்பின் வெளிக் குழாய் மெல்லிய அலுமினியம். அதற்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் நீங்கள் திருகும் குமிழ்கள் அதைத்தான் அசைக்கின்றன. வெளிக் குழாய் நசுங்கினால் உட்குழாய் சிக்கிச் சிக்கி அசையும். அப்போது குறி தானாக அலையும். ஆகவே குறி நிற்கவில்லை என்று இறுக்குகிறீர்கள்; இறுக்கியதால் குறி நிற்காமல் போகிறது.

இனி உங்கள் ரைபிளின் குணத்துக்கு வருவோம். சாதாரணத் துப்பாக்கி சுட்டதும் பின்னால் உதைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் எயார் ரைபிள் இரண்டு தடவை உதைக்கிறது. உள்ளே கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே போகிறது. பாய்ந்த பிஸ்டன் சிலிண்டரின் முனையில் காற்று மெத்தை மீது சட்டென்று நிற்கும்போது ரைபிள் முன்னே இழுபடுகிறது. இந்த இரண்டாவது இழுப்பு மிகக் கூர்மையானது. ரைபிள் முன்னே போய்விட, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது; அதாவது உங்கள் கண்ணை நோக்கிப் பின்னுக்கு ஊர்கிறது. பெரிய வேட்டைத் துப்பாக்கியில் நன்றாக இருந்த ஸ்கோப் இந்தச் சிறிய ரைபிளில் உடைந்துபோவதும் இதனால்தான். அது ஒரு பக்க உதையைத் தாங்கவே கட்டப்பட்டது. பெட்டியில் எயார் ரைபிளுக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தத் திருகாணியையும் தொடுவதற்கு முன் எது ஊர்கிறது என்று கண்டுபிடியுங்கள். வீட்டில் தங்கையிடம் நகப்பூச்சு இருக்கும். வளையத்தின் ஓரமும் ஸ்கோப்பின் குழாயும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று. வளையத்தின் அடியும் ரைபிளின் மேற்பகுதியும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு கோடு. காயவிட்டு, ஒரு டப்பா குண்டுகளைச் சுட்டுவிட்டு வந்து லென்சு வைத்துப் பாருங்கள். முதற்கோடு இரண்டாக விலகியிருந்தால் குழாய் வளையத்துக்குள் வழுக்குகிறது. இரண்டாவது விலகியிருந்தால் வளையமே ரைபிளின் மீது நகர்கிறது. உங்கள் விடயத்தில் இரண்டாவதாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கோடுகளும் அப்படியே இருந்து குறி மட்டும் அலைந்தால், ஸ்கோப்பை விட்டுவிட்டு ரைபிளின் மரக்கட்டையை உலோகத்தோடு சேர்க்கும் திருகாணிகளைப் பாருங்கள். முன்பக்கத்தில் இரு புறமும் ஒவ்வொன்று, விசையின் அருகே ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைபிள்களில் அவை அடிக்கடி இளகும், ஒருவரும் பார்ப்பதில்லை.

வளையம் நகர்கிறது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரைபிளில் குண்டு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்; இதைத் தொழில் தெரிந்தவர்கள்தான் மறக்கிறார்கள். ரைபிளின் மேற்பகுதியில் சரிவாக வெட்டிய இரு கரைகள் இருக்கும். அதை டவ்டெயில் என்பார்கள், எயார் ரைபிள்களில் பொதுவாக 11 மில்லிமீட்டர் அகலம். கடையில் இருந்து வந்த எண்ணெய் அந்தக் கரைகளில் இன்னும் இருக்கும். ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோபிரப்பில் அல்ககோலை வெள்ளைத் துணியில் நனைத்து, துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். வளையங்களின் உட்புறம், ஸ்கோப்பின் குழாய், திருகாணிகளின் மரை, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். கொழும்புக் காற்றில் துருவுக்குப் பயந்து எல்லா இடத்திலும் எண்ணெய் பூசி வைப்பது நம்மவர் வழக்கம். வெளியே பூசுங்கள். பிடிக்கும் பரப்புகளில் பூசாதீர்கள்.

பின் வளையத்தின் அடியில் சிறிய முளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ரைபிளின் மேலே அதற்கென்று ஒரு குழி இருக்கும். முளை குழிக்குள் இறங்கினால் ஸ்கோப் பின்னே ஊரவே முடியாது. உங்கள் கடிதத்தில் முளை என்ற பேச்சே இல்லை. பெட்டியில் பொலித்தீன் உறைக்குள் இன்னும் கிடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். குழி இல்லாத ரைபிள் என்றால் வளையத்துக்குப் பின்னால் தனியாக ஒரு தடைக்கட்டையை இறுக்கி வையுங்கள். இரண்டு தனி வளையங்களுக்குப் பதில் ஒரே துண்டாக வரும் நீண்ட பிடி கிடைத்தால் இன்னும் நல்லது. கரையைப் பற்றும் நீளம் கூடும், திருகாணிகளும் கூடும்.

அடிப்பாகத்தைப் பின்பக்கமாக, முளை குழியின் பின்சுவரோடு முட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பிறகு ஸ்கோப்பைக் கிடத்தி மேல் மூடிகளை விரலளவுக்கு மட்டும் திருகுங்கள். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்த பிறகு கண்ணைத் திறவுங்கள். வட்டம் முழுதாக, ஓரத்தில் கறுப்பு இல்லாமல் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள், கழுத்தை நகர்த்தாதீர்கள். கண்ணுக்கும் லென்சுக்கும் இடையே 7.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை வரும்.

குறுக்குக் கோடு நிமிர்ந்திருக்க எதிர் மதிலில் ஒரு தூக்குக் குண்டு தொங்கவிடுங்கள். மேசன்மார் வைத்திருப்பதே போதும். ரைபிளை மட்டப்பலகை வைத்துச் சமனாக்கி, ஸ்கோப்பின் நிலைக்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவையுங்கள். இனித்தான் பொறுமை வேண்டிய இடம். மேல் மூடியில் நான்கு திருகாணிகள் என்றால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. மூலைக்கு மூலை மாறி, கால் சுற்று கால் சுற்றாக. மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே இரு பக்கமும் தெரியும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால், வளையம் குழாயைப் பிடிக்காமல் கடிக்கிறது என்று அர்த்தம். இறுக்கும்போது ஸ்கோப் திருகாணியோடு சேர்ந்து சற்றே உருளும். அதனால் நடுவில் நூலை இன்னொரு தடவை பாருங்கள்.

1.8 நியூட்டன் மீட்டரை எப்படி அளப்பது? பஞ்சிகாவத்தையில் வாங்கும் கார் டோர்க் ரென்ச் உதவாது. கார்ச் சில்லு நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் கொடுக்கச் செய்த கருவி அது. உங்கள் திருகாணியை முறித்துவிட்டு இன்னும் அளவு வரவில்லை என்று சொல்லும். சிறிய அளவுகளுக்கென்று திருப்புளி வடிவில் டோர்க் கருவிகள் வருகின்றன. கழகம் ஒன்றை வாங்கட்டும், எல்லாருக்கும் பயன்படும். அதுவரை அலன் சாவியின் குட்டைக் கையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். நீண்ட கை உங்களுக்குத் தடை.

இவ்வளவு சிறிய விடயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். போட்டோகொப்பித் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். வளையங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் இருக்க, ஒரு வளையம் அந்தத் தாளின் கனம் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தால், 25 மீட்டரில் உங்கள் குண்டு 25 மில்லிமீட்டர் தள்ளி விழும். 10 மீட்டரில் சுட்டாலும் 10 மில்லிமீட்டர். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் எயார் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப் பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. சிறு துளை வழியே பார்த்துச் சுடுகிறார்கள். அங்கே போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப் பழக்கத்தை வளர்க்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து அண்ணர் பிக்கட்டினி வளையங்கள் வாங்கி அனுப்பினார். எங்கள் கழகத்தின் தோட்டா ரைபிளில் வளையங்களைப் பூட்டும் மேற்பகுதி வீவர் தண்டவாளம். இரண்டும் ஒன்றுதான் என்றார் விற்றவர். வளையம் உட்காரவில்லை. கொஞ்சம் அராவிவிடலாமா?
— ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: அரத்தைக் கீழே வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல, சொந்தக்காரர்கள். பிக்கட்டினி என்பது 1995இல் அமெரிக்க இராணுவம் தரப்படுத்திய தண்டவாள அளவு, நியூ ஜேர்சியில் உள்ள பிக்கட்டினி ஆயுதக் கூடத்தின் பெயரால் வந்தது. அதன் குறுக்குப் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், பள்ளங்களுக்கிடையே ஒரே சீரான தூரம். வீவரின் பள்ளம் 4.57 மில்லிமீட்டர், தூரமும் ஆளுக்கொரு விதம். ஆகவே வீவர் வளையம் பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும். பிக்கட்டினி வளையத்தின் குறுக்குத் தண்டு வீவர் பள்ளத்துக்குள் இறங்காது. தண்டை அராவினால் உட்காரும். உட்கார்ந்த பிறகு உதையைத் தாங்க வேண்டியது அந்தத் தண்டுதான்.

வீவர் வளையம் வாங்குங்கள். பூட்டும்போது வளையத்தைக் குழல் வாய்ப்பக்கமாகத் தள்ளி, தண்டு பள்ளத்தின் முன்சுவரோடு முட்டியபின் இறுக்குங்கள். மேலே கொட்டாஞ்சேனைத் தம்பிக்குப் பின்னே தள்ளச் சொன்னேன், உங்களுக்கு முன்னே என்கிறேன். முரண்பாடு இல்லை. உங்களுடையது தோட்டா வைத்துச் சுடும் ரைபிள். அது ஒரு தடவைதான், பின்பக்கமாகத்தான் உதைக்கும். அப்போது ஸ்கோப் முன்னே போகப் பார்க்கும்.

கேள்வி: முப்பது ஆண்டு யுத்தத்தைப் பார்த்த நமக்குத் துப்பாக்கியைப் பற்றிய கேள்வி பதில் தேவையா? உங்கள் பகுதியை என் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். தையல் இயந்திரம், மின்விசிறி என்று எழுதிக்கொண்டிருந்தவர் ஏன் இப்படி மாறினீர்கள்?
— திருமதி இ.ஜெ., பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை ஆசிரியரிடமும் காட்டினேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைக் கழித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. உரிமம் இல்லாத ஒன்றைப் பற்றி எவர் எழுதினாலும் அது நேரே குப்பைக் கூடைக்குப் போகும். கழகத்தின் பெயரோடு, பயிற்றுநரின் கண் முன்னே, கடதாசி இலக்கைச் சுடும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்கோப் ஆடாமல் இருப்பது பாதுகாப்பும்கூட.

இன்னொன்று. நான் துப்பாக்கிக்காரன் அல்லன். கோட்டையில் நில அளவைக் கருவிகள் திருத்தும் பட்டறையில் வேலை செய்தவன். நிலம் அளக்கும் தியோடலைட்டின் தொலைநோக்கியைத் தாங்கியில் பூட்டுவதற்கும் ஸ்கோப்பை ரைபிளில் பூட்டுவதற்கும் எண்ணெய் துடைப்பதிலும், மாறி மாறி இறுக்குவதிலும் ஒரு வித்தியாசமும் கிடையாது. லொறியில் குலுங்கி வந்த தியோடலைட் ஒன்று ஒரு காணியின் எல்லையை இரண்டு அடி தள்ளிப் போட்டால் எத்தனை குடும்பங்கள் வழக்குமன்றம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். மின்விசிறி அடுத்த இதழில் வருகிறது.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்குத் தொலைநோக்கி வாங்கினோம். பெரிய குழாயின் மேல் சிறிய தொலைநோக்கி ஒன்று பூட்டியிருக்கிறது. அதில் சந்திரன் நடுவில் தெரிகிறது; பெரியதில் பார்த்தால் வெறும் இருட்டு. திருகாணிகளை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் பழையபடி ஆகிறது. மகன் அலுத்துவிட்டான்.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகள், அந்தச் சிறியது வழிகாட்டித் தொலைநோக்கி. அதைச் சுற்றி நிற்கும் திருகாணிகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுபவை. ஒன்றை இறுக்கும் முன் எதிரில் உள்ளதைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் எல்லாவற்றையும் இறுக்கினால் தாங்கி வளையும். வளைந்தது இரவில் மெல்ல மெல்லத் திரும்பும். சில மாதிரிகளில் குழாயைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையமும் வரும், அது தாங்கியின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். உறையிலேயே விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

இருட்டில் சரிசெய்ய முயலாதீர்கள். சந்திரன் நகர்ந்துகொண்டே இருக்கும். பகலில் மொட்டை மாடிக்குப் போங்கள். வெள்ளவத்தை மாடிகள் பலவற்றிலிருந்து வடக்கே தாமரைக் கோபுரம் தெரியும். பெரிய தொலைநோக்கியில் உருப்பெருக்கம் குறைந்த கண்ணாடியைப் போட்டு (25 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது) கோபுரத்தின் உச்சி நுனியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பெரியதை அசைக்காமல், சிறியதின் திருகாணிகளை மட்டும் திருகி, அதே நுனி அதன் குறுக்குக் கோட்டில் நிற்கும்படி செய்யுங்கள். பிறகு உருப்பெருக்கம் கூடிய கண்ணாடியைப் போட்டு இன்னொரு தடவை. அயல் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைக் குறியாக எடுக்காதீர்கள். இரண்டு குழாய்களும் சில அங்குலம் விலகி இருப்பதால் கிட்டத்துப் பொருளுக்குச் சரிசெய்தது வானத்துக்குப் பிழைக்கும். ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

பகலில் செய்யும்போது சூரியன் இருக்கும் பக்கமே குழாய் திரும்பக்கூடாது. வழிகாட்டி வழியாகப் பார்த்தாலும் கண் போய்விடும். மகனைத் தனியே விட வேண்டாம்.

கேள்வி: ஸ்பிரிங் வாஷர் போட்டால் திருகாணி இளகாது என்கிறார் பழைய சோனகத் தெருக் கடைக்காரர். லொக்டைட் வேண்டும் என்கிறார் நண்பர். நகப்பூச்சே போதும் என்கிறார் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது?
— மு.ந., மருதானை

பதில்: மனைவி சொல்வதைக் கேளுங்கள் என்று எழுதினால் வீட்டில் சமாதானம், ஆனால் அவர் சொல்வதில் பாதிதான் சரி. நகப்பூச்சு அடையாளக் கோடு போடுவதற்கு முதல்தரம். மரைக்குள் விட்டால் சற்று ஒட்டும், காலப்போக்கில் நொறுங்கும்.

கடைக்காரரின் ஸ்பிரிங் வாஷர் பழைய நம்பிக்கை. ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டியது இதுதான்: திருகாணியை இளக வைப்பது அதன் நீளவாக்கில் வரும் இழுப்பைவிடப் பக்கவாட்டில் வரும் அசைவு. பூட்டிய பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் மரையின் உராய்வு விட்டுப்போய், திருகாணி தானாகவே பின்னோக்கிச் சுழல்கிறது. இறுக்கி முடித்ததும் ஸ்பிரிங் வாஷர் முழுதாகத் தட்டையாகிவிடும். அதன்பின் அது வெறும் வாஷர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 1990ஆம் ஆண்டுக் கையேடு ஒன்றும் பூட்டுவதற்கு அது பயனற்றது என்றே சொல்கிறது. கடைக்காரருக்கு இதைச் சொல்லப் போகாதீர்கள், அவர் அதை விற்க வேண்டியவர்.

லொக்டைட் உண்மையில் வேலை செய்யும், ஆனால் எந்த நிறம் என்று பாருங்கள். அமெரிக்காவில் கனெக்டிக்கட் மாநிலத்து டிரினிட்டிக் கல்லூரிப் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கிய பசை அது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும், காற்று இல்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் இறுகும். போத்தலை முழுதாக நிரப்பாமல் விற்பது உங்களை ஏமாற்ற அல்ல. உள்ளே காற்று இருந்தால்தான் அது போத்தலிலேயே கட்டியாகாமல் இருக்கும். ஊதா நிற 222 சிறு திருகாணிகளுக்கு. நீல 243 சாதாரணக் கருவியால் கழற்றக்கூடியது. சிவப்பு 271 சூடு காட்டாமல் கழறாது. ரைபிளில் அடித்தளத்தைப் பூட்டும் திருகாணிக்கு நீலத்தில் ஒரு சிறு துளி சரி. ஸ்கோப்பைச் சுற்றிய வளைய மூடிகளுக்கு வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகவே வேண்டாம் என்கிறார்கள். ஈரமான பசை மரைக்கு எண்ணெய் போட்டதுபோல வேலை செய்யும், அதே முறுக்கில் இழுப்புக் கூடிக் குழாய் நசுங்கும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு அருகே எந்த நிறமும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளில் அது வெடிப்பு விழ வைக்கும்.

கேள்வி: கடற்கரை ஓரம் குடியிருக்கிறோம். வளையத் திருகாணி துருப்பிடித்து இறுகிவிட்டது. அலன் சாவி உள்ளே சுற்றுகிறது, திருகாணி அசையவில்லை.
— ஒரு வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: சாவி சுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிட்டீர்கள் என்று நம்புகிறேன். உப்புக் காற்றில் உருக்குத் திருகாணி அலுமினியத்துக்குள் இருந்தால் இரண்டும் ஒரு சிறு பற்றரிபோல வேலை செய்து அலுமினியம் அரிபடும். மரையோரம் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதுதான்.

துருநீக்கும் எண்ணெயை ஒரு துளி தலையோரம் விட்டு ஓர் இரவு விடுங்கள். லென்சுப் பக்கம் வழியாமல் துணி சுற்றிவிடுங்கள். காலையில் மின்கம்பி ஒட்டும் சோல்டரிங் அயனின் நுனியைத் திருகாணித் தலையின் நடுவில் சில நிமிடம் வைத்திருங்கள். சூடு திருகாணிக்கு மட்டும் போக வேண்டும். தீச்சுவாலை காட்டவே கூடாது. ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் வாயு அடைப்புகள் வெந்துவிடும். யாராவது சிவப்பு லொக்டைட் போட்டிருந்தால் அது விட 250 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். அதற்கு முதலில் ஸ்கோப் அங்கே இருக்கக்கூடாது. பிறகு அறுகோணக் குழிக்குள் சற்றுப் பெரிய டோர்க்ஸ் பிட் (நட்சத்திர முனை) ஒன்றைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். அதன் பற்கள் தேய்ந்த சுவரைக் கவ்வும். தட்டும்போது வளையத்தின் அடியில் மரக்கட்டை ஒன்று தாங்கலாக இருக்கட்டும். ஸ்கோப்பின் மேல் அடி விழக்கூடாது.

வந்த திருகாணியைத் திரும்பப் போடாதீர்கள். அளவை எடுத்துக்கொண்டு துருப்பிடிக்காத எஃகில் புதிது வாங்குங்கள், நல்ல சாவியும் ஒன்று. பெட்டியோடு இலவசமாக வரும் சாவி மெத்தென்ற இரும்பு; திருகாணிகளைக் கெடுப்பதில் பாதி அதன் வேலை.

கேள்வி: ஸ்கோப் திருகாணிகளை மாதத்துக்கு எத்தனை தடவை இறுக்க வேண்டும்?
— ப.க., தெமட்டகொடை

பதில்: ஒரு தடவையும் வேண்டாம். சரியான அளவில் இறுக்கிய திருகாணியை ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம்" என்று தொட்டால், அந்தக் கொஞ்சங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் மரையை உருவிவிடும். புதிதாகப் பூட்டியபின் முதல் நாள் சுட்டு முடித்ததும் டோர்க் கருவியை அதே அளவில் வைத்து ஒரு தடவை சரிபார்க்கலாம். பரப்புகள் ஒன்றுக்கொன்று படிவதால் சற்று இளகியிருக்கும். அதன்பின் ஒவ்வொரு திருகாணித் தலையிலிருந்தும் வளையத்தின் மீது ஒரு மெல்லிய நகப்பூச்சுக் கோடு இழுத்துவிடுங்கள். சுடப் போகும்முன் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்தால் போதும். நேராக இருந்தால் சாவியை எடுக்காதீர்கள். முறிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டுப் போகாமல், அந்த வளையத்தின் எல்லாத் திருகாணிகளையும் தளர்த்தி, மரையைத் துடைத்து, முதலிலிருந்து மூலைக்கு மூலை மாறிப் பூட்டுங்கள். பிறகு குறியைத் திரும்பவும் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்குக் கொஞ்சம் குண்டு ஒதுக்கி வையுங்கள்.